ஃபிரான்ஸ் கால்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

#1 கார்முகில்

டாரன்டினோவின் ‘டெத் ப்ரூஃப்’ முடிவில் ஓடுகிற ‘சிக் ஹாபிட்’ பாட்டுக்கு மூலம் 1964-ல் வந்த ‘லெஸ் தோம்பே லே ஃபீய்’ என்ற பிரெஞ்சுப் பாட்டு, பாடியவர் ஃபிரான்ஸ் கால் என்று போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் தலை சுற்றுகிறது. ஒரு தொகுப்பில் பள்ளிக்கூடப் பெண் மாதிரிக் குரல், பின்னால் டிரம்பெட்டுகள். இன்னொரு தொகுப்பில் சிந்தசைசர், கனமான பேஸ் கிட்டார், அடங்கிய குரல். இரண்டிலும் ஒரு பாட்டுகூடப் பொதுவாக இல்லை. ஒரே ஆள்தானா? எந்த வரிசையில் கேட்க வேண்டும்?

#2 வினைல்வேந்தன்

ஒரே ஆள்தான். குழப்பத்துக்குக் காரணம் உரிமை. 1963 முதல் 1968 வரை பாடியதெல்லாம் பிலிப்ஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்கு. அது இன்று யூனிவர்சல் வசம். 70களின் நடுவிலிருந்து பாடலாசிரியர்-இசையமைப்பாளர் மிஷேல் பெர்ஜேயுடன் (பிற்பாடு அவர் கணவர்) செய்ததெல்லாம் வார்னர் வசம். அதனால் ஒரு கம்பெனி போடும் ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பில் மற்ற பாதி வராது. வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் பாருங்கள். ‘பூப்பே த சீர்’ இருந்தால் முதல் பாதி, ‘ரெசிஸ்த்’ இருந்தால் இரண்டாம் பாதி. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் இரு பக்கமும் அனுமதி வாங்கிப் போட்ட தொகுப்பா என்று ஒருமுறை சரிபாருங்கள். பிற்கால மறுபதிவுகளை மூலப் பதிவு என்று விற்பதும் நடக்கிற வேலைதான்.

இன்னொன்று. 60களின் பிரான்சில் விற்பனைச் சரக்கு எல்.பி. (முழு ஆல்பத் தட்டு) அல்ல, நான்கு பாட்டு அடங்கிய 45 சுற்று ஈ.பி. பக்கத்துக்கு இரண்டு பாட்டு, 17 செ.மீ. தட்டு, படம் போட்ட தடித்த அட்டை. இப்படிச் சில ஈ.பி.க்கள் வந்தபின் அவற்றை அள்ளிச் சேர்த்து ஒரு எல்.பி. போடுவார்கள். ஆகவே அவருடைய 60களின் எல்.பி.க்களில் ‘ஆல்பத்தின் ஒருமை’யைத் தேடக் கூடாது. ஈ.பி. வரிசைப்படி கேட்டால்தான் வளர்ச்சி புரியும். அந்த ஈ.பி.க்கள் மோனோ. பிற்காலத்தில் ஸ்டீரியோ என்று வரும் பதிப்புகளில் குரலும் டிரம்ஸும் தனித்தனியாக ஒதுங்கிவிட்டால் மோனோவுக்கே திரும்புங்கள்.

#3 நீலாம்பரி

தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் அங்கேதான் வேர்விட்டிருக்கின்றன.

பிறந்தது 1947 அக்டோபர் 9, பாரிஸ். இயற்பெயர் இசபெல் கால். அப்பா ரொபேர் கால் பாடலாசிரியர், பாடகர் அஸ்னவூரின் ‘லா மம்மா’ பாட்டு வரிகள் அவருடையவை. அம்மாவின் தந்தை போல் பெர்தியே, புகழ்பெற்ற சிறுவர் தேவாலயப் பாடகர் குழு ஒன்றை நிறுவியவர்களில் ஒருவர். அண்ணன்மார் இருவர், இரட்டையர். ஐந்து வயதில் பியானோ, பதினொன்றில் கிட்டார். ஆக, தெருவிலிருந்து கண்டெடுக்கப்பட்ட குழந்தை அல்ல, பாட்டே தொழிலாக இருந்த வீட்டுப் பெண்.

1963 ஜூலையில் இசைப் பதிப்பாளர் தெனி பூர்ஷுவா முன்னால் ஷாம்ப்ஸ் எலிசே அரங்கில் பாடிக் காட்டினார். பிலிப்ஸ் ஒப்பந்தம் வந்தது. பெயர்தான் தடை: அதே கம்பெனியில் இசபெல் ஓப்ரே ஏற்கெனவே இருந்தார், 1962 யூரோவிஷன் (ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி) வெற்றியாளர். ஒரே கம்பெனியில் இரண்டு இசபெல் வேண்டாம் என்று ‘ஃபிரான்ஸ்’ ஆக்கினார்கள். பிரான்ஸ்–வேல்ஸ் ரக்பி ஆட்டத்தின் பெயர் பிரெஞ்சில் ‘ஃபிரான்ஸ்–கால்’ என்று ஒலிக்கும் விதத்திலிருந்து அது வந்தது என்று சொல்வார்கள். முதல் பாட்டு ‘ந சுவா பா சி பெத்’ வானொலியில் ஒலித்தது அவருடைய 16-வது பிறந்தநாளில்.

இசை ஒழுங்கு (மெட்டுக்கு வாத்தியங்களை அமைப்பது) அலேன் கொராகேர். இந்தப் பெயரைக் குறித்துவையுங்கள். ஜாஸ் பியானோக்காரர், பிற்பாடு ‘லா பிளானெட் சோவாழ்’ கார்ட்டூன் படத்துக்கு இசையமைத்தவர். அந்த டிரம்பெட் வெட்டுகள் அவர் கைவண்ணம். பாடலாசிரியர் செர்ஜ் கேன்ஸ்பூர் 1964-ல் ‘நெகூத் பா லேஸ் இதோல்’ எழுதிக் கொடுத்தபோது குழு முழுமையானது.

#4 தாளக்கட்டு

கொராகேரைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. 1964-ன் ‘ஜாஸ் ஆ கோகோ’ கேளுங்கள். வரிகள் ரொபேர் கால், இசை கொராகேர். பாப் வேடமிட்ட சுத்தமான ஸ்விங். அந்த வேகத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பெண் சொற்களைத் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னும் தள்ளி வைக்கிறார், ஓரிடத்திலும் இடறவில்லை. குரல் சின்னது, வீச்சும் குறைவு, மேல் ஸ்தாயியில் கூர்மையாகிவிடும். ஆனால் காலப்பிரமாணம் அசையாது. அவருடைய சொத்தே அதுதான், கடைசிவரை.

யூரோவிஷன் காணொளியையும் இந்தக் காதோடு பார்க்க வேண்டும். 1965 மார்ச் 20, நேபிள்ஸ். 18 நாடுகள். லக்சம்பர்க்குக்காகப் பாடினார். பிரெஞ்சுக்காரர் ஏன் லக்சம்பர்க்குக்கு என்று கேட்காதீர்கள். அந்த நாடு வென்ற ஐந்து முறையும் (1961, 1965, 1972, 1973, 1983) பாடியவர்கள் வெளிநாட்டவர்களே. நடுவர் முறை இன்றையது அல்ல. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் மூன்று பாட்டுக்கு 5, 3, 1 என்று புள்ளி கொடுக்கும். முடிவு: கால் 32, பிரிட்டனின் கேத்தி கர்பி 26, பிரான்சின் கீ மார்டேல் 22.

பாட்டு ‘பூப்பே த சீர், பூப்பே த சோன்’. அந்த மேடையில் மெல்லிசைக் காதல் பாட்டுகளே ஆட்சி செய்த காலத்தில் குதிரைப் பாய்ச்சல் தாளத்தில் மைனர் சுருதிப் பாட்டு. கொராகேரே இசைக்குழுவை நடத்தினார். குரல் ஆங்காங்கே சுருதி விலகுவது தெளிவாகக் கேட்கும். பலர் அதை வைத்துப் ‘பாடத் தெரியாதவர்’ என்று முடித்துவிடுகிறார்கள். முழு இசைக்குழு நேரடியாக முழங்குகிறது, காதில் மாட்டும் மானிட்டர் கிடையாது, வயது 17, பாட்டோ மூச்சு விட இடம் தராமல் எழுதப்பட்டது. ஒரு சொற்றொடர் முடியுமுன் அடுத்தது தொடங்குகிறது. அப்போது முதலில் விழுவது சுருதி. தாளம் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டுடியோப் பதிவோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே பிடிபடும்.

#5 செம்பருத்தி

தாளத் திறமையை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு என்ன சொல்கிறது? காதல் இன்னதென்று அறியாமலே காதலைப் பாடிக்கொண்டிருக்கும் மெழுகு பொம்மை. 36 வயதுக்காரர் 17 வயதுப் பெண்ணின் வாயிலேயே அவளைப் பற்றி அப்படி எழுதி வைக்கிறார், அவளும் பாடுகிறாள், உலகம் கைதட்டுகிறது. அடுத்த வருடம் ‘லே சுசெத்’. சோம்புச் சுவை லாலிபாப் பிடிக்கும் சிறுமி என்ற மேல்பூச்சு, உள்ளே வேறு பொருள். பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்திருந்தது, பாடியவருக்கு மட்டும் புரியவில்லை. முதலில் அப்பா, பிறகு கேன்ஸ்பூர், பிறகு பெர்ஜே. எழுதியது யாவும் ஆண்கள். இதில் ‘கலைஞர்’ எங்கே இருக்கிறார்?

#6 நீலாம்பரி

‘லே சுசெத்’ விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். அது துரோகம்தான், அவரே பிற்காலத்தில் அந்தக் காயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். ‘பூப்பே’ பாட்டை நெடுங்காலம் மேடையில் பாட மறுத்ததும் தெரிந்ததே.

ஆனால் ‘பொம்மை’ என்று சொல்லி முடித்தால் அவர் எடுத்த முடிவுகளை எல்லாம் அழிக்க வேண்டிவரும். யூரோவிஷனுக்கு முன்வைக்கப்பட்ட சுமார் பத்துப் பாட்டுகளிலிருந்து அதைத் தேர்ந்தவர் அவர். அப்பா வரி எழுதிய ‘சாக்ரே ஷார்லெமாய்ன்’ பாட்டில் அவருக்கு விருப்பமே இல்லை, பள்ளிப் பிள்ளைகள் பாட்டு என்று தயங்கினார். அது பேயாக விற்றது, அவருடைய பிம்பத்தைக் குழந்தையாகவே உறையவைத்ததும் அதுதான். எதிலிருந்து விலக வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, விலகும் அதிகாரம்தான் கையில் இல்லை. அதிகாரம் வந்ததும் என்ன செய்தார் என்று பாருங்கள்.

‘கொம் தபிட்யூத்’ கதையையும் இங்கே போட்டுவிடலாம். பாடகர் குளோத் பிரான்சுவாவுக்கும் இவருக்கும் இருந்த காதல் முறிந்ததன் நிழல் 1967-ல் வந்த அந்தப் பாட்டில் இருப்பதாகப் பரவலாகச் சொல்வார்கள். பால் ஆங்கா அதற்கு ஆங்கில வரிகள் எழுத, ‘மை வே’ ஆனது. கால் பாடிய பாட்டு அல்ல, அவருக்காக எழுதப்பட்டதும் அல்ல. தொகுப்புகளில் தேடி அலைய வேண்டாம்.

#7 வினைல்வேந்தன்

நடுக்காலத்தை எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். கேட்கத் தக்கது அங்கேயும் உண்டு.

1967: ‘பெபே ரெகேன்’, மெட்டு ஜோ தசேன். அதே ஆண்டு கேன்ஸ்பூரின் ‘டீனி வீனி பாப்பி’, எல்.எஸ்.டி. போதைப்பொருள் பற்றிய பாட்டு, ஒழுங்கு லண்டன்காரர் டேவிட் விட்டேக்கர். இரண்டும் ‘1968’ என்ற எல்.பி.யில் உள்ளன. 60களில் ஒரே ஒரு எல்.பி. வாங்குவதென்றால் என் வாக்கு அதற்குத்தான். பழைய பொம்மைக் குரல் அதில் இல்லை. சிதார் சாயலும் ஆங்கில பாப்பும் கலந்த கலவை. அன்று விற்கவில்லை, இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது அதையே.

ஜெர்மன் பாட்டுகள் தனி உலகம். 1966 முதல் 1972 வரை தொடர்ந்து பதிவு செய்தார், பலவற்றில் வெர்னர் முல்லரின் இசைக்குழு. 1968-ல் ‘கம்ப்யூட்டர் நம்பர் 3’ ஜெர்மன் பாட்டுப் போட்டியில் மூன்றாம் இடம். துணை தேடித் தரும்படி கணினியிடம் கேட்கும் பாட்டு, 1968-ல்!

பிலிப்ஸ் ஒப்பந்தம் முடிந்ததும் லா கொம்பனி என்ற புதுக் கம்பெனிக்குப் போனார். அது சீக்கிரமே மூழ்கியது. 1969-ல் இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாவில் ‘லா பியோஜா’, ஜில்யோலா சிங்க்வெத்தியும் அதே பாட்டைப் பாடினார் (அப்போது அங்கே ஒரு பாட்டை இருவர் தனித்தனியாகப் பாடும் முறை). 1972-ல் மறுபடி கேன்ஸ்பூர் எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. எதுவும் ஓடவில்லை. இந்தப் பதிவுகள் பல கம்பெனிகளிடம் சிதறிப்போனதால்தான் பெரிய தொகுப்புகளில் 1969–73 ஓட்டையாக இருக்கிறது.

#8 கார்முகில்

அப்படியானால் 25 வயதில் ‘முடிந்துபோன’ பாடகி. பெர்ஜே எப்படி வந்தார்?

#9 தாளக்கட்டு

அவர் வரவில்லை, இவர் தேடிப்போனார். செம்பருத்தி இதைக் குறித்துக்கொள்ளவும்.

1973-ல் வானொலியில் மிஷேல் பெர்ஜேயின் ‘அத்தான்-முவா’ கேட்டு, இனி பாடினால் இவருடைய பாட்டுத்தான் என்று தீர்மானித்தார். பெர்ஜே அப்போது பிரபலமான பாடகர் அல்ல, ஆனால் தயாரிப்பாளராக மதிப்பு உண்டு. அதே ஆண்டு பாடகி ஃபிரான்சுவாஸ் ஆர்டிக்கு ‘மெசாழ் பெர்சொனெல்’ செய்து கொடுத்தார். பழைய யே-யே (60களின் பிரெஞ்சு இளைஞர் பாப்) பாடகிக்கு எழுத அவருக்கு உடனே மனம் வரவில்லை. 1974-ல் அவர் ஆல்பத்தில் ‘மோன் ஃபிஸ் ரீரா து ரொக்கன்ரோல்’ பாட்டில் ஒரு சின்னப் பெண்குரல் பகுதிக்கு இவரை அழைத்தார். பிறகுதான் ‘லா தெக்லராசியோன் தமூர்’, அதே ஆண்டு. 1976 தொடக்கத்தில் முழு ஆல்பம், பெயரே ‘ஃபிரான்ஸ் கால்’. ஜூன் 22 அன்று திருமணம்.

இசையில் என்ன மாறியது? ‘லெஸ் தோம்பே’வையும் ‘தெக்லராசியோன்’னையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். முதலாவதில் குரல் டிரம்பெட்டுகளோடு மல்லுக்கட்டுகிறது, அதனால் தள்ளிப் பாட வேண்டியிருக்கிறது, கூர்மையாகிறது. பெர்ஜே பியானோவை நடுவில் வைத்து, குரலின் நடு ஸ்தாயியைச் சுற்றி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். மெட்டுகள் குறுகிய சொற்றொடர்களால் ஆனவை, இடையில் மூச்சுக்கு இடம். அடிக்கு வெளியே விழும் அசைகள் நிறைய. அதாவது அவருக்கு எது பலமோ (தாளம்) அதன்மேல் கட்டினார், எது பலவீனமோ (வீச்சு) அதைக் கேட்கவே இல்லை. பின்னால் வந்த பதிவுகளில் பேஸ் கிட்டார் ஜனிக் தோப், மாக்மா என்ற ராக் குழுவிலிருந்து வந்தவர். நல்ல ஹெட்போன் வைத்து ‘ரெசிஸ்த்’ (1981) கேட்டால் பாட்டைத் தூக்கிச் செல்வது பேஸும் குரலும் மட்டுமே என்பது விளங்கும்.

சேர்ந்து பாட நினைப்பவர்களுக்கு: ‘இல் ஜுவே து பியானோ தெபூ’வில் (1980) எல்லோரும் தவறுவது பல்லவி நுழைவில். அடியின்மேல் தொடங்கினால் பாட்டு மார்ச் ஆகிவிடும். முதலில் வரிகள் இல்லாமல் தாளத்தை மட்டும் மேசையில் தட்டி, அசைகள் எங்கே விழுகின்றன என்று பழகுங்கள். பிறகு மெதுவாகச் சொற்களைப் பேச்சுப்போல் வையுங்கள், கடைசியாக மெட்டு. குரலைப் பெரிதாக்காதீர்கள். பெரிதாக்கினால் அந்த லாவகம் போய்விடும்.

#10 செம்பருத்தி

தேடிப்போனது பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1969 முதல் 1973 வரை நல்ல பாட்டு கிடைக்காமல் அவர் தத்தளித்ததே என் வாதத்துக்குச் சான்று. எழுதித் தருபவர் இல்லையென்றால் அவர் இல்லை.

#11 நீலாம்பரி

எழுதாத பாடகர் எவருக்கும் அது பொருந்தும். பாடுபவரின் வேலை எதைப் பாடுவது, எதை விடுவது, எப்படி வைப்பது என்பதில் இருக்கிறது. 1978-ல் ஷாம்ப்ஸ் எலிசே அரங்கில் (பதினைந்து வருடம் முன்பு பாடிக் காட்டிய அதே இடம்) நடத்திய நிகழ்ச்சியில் இசைக்குழுவினர், ஆட்டக்காரர்கள் எல்லோரையும் பெண்களாகவே வைத்தார். அன்றைக்கு அபூர்வமான காரியம். அதே ஆண்டு ‘ஸ்டார்மானியா’ ராக் ஆபரா தட்டாக வந்தது, 1979-ல் பாரிஸின் பாலே தே கோங்ரே மேடையில் கிறிஸ்டல் வேடம். பலரில் ஒருவராக, தலைப்பாடகியாக அல்லாமல் நின்றார். பிறகு 1980-ல் எல்டன் ஜானோடு ‘தொனே பூர் தொனே’.

‘பாபாகார்’ ஆல்பம் (1987) தனியாகப் பேச வேண்டியது. செனகலில் ஒரு தாய் தன் கைக்குழந்தையை இவரிடம் நீட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பாட்டு அங்கிருந்து வந்தது. இவர் குழந்தையைத் தத்தெடுத்ததாக இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள், தவறு. தாயும் பிள்ளையும் பிரியாமல் இருக்க உதவினார். 1985-ல் பாடகர் தானியேல் பலாவுவான், பெர்ஜே முதலியவர்களோடு பிரெஞ்சுப் பள்ளிகள் வழியாக ஆப்பிரிக்காவுக்கு உதவி திரட்டியதும் இதன் தொடர்ச்சி. டக்கார் பக்கத்து இங்கோர் தீவில் வீடே வைத்துக்கொண்டார்.

அதே ஆல்பத்தின் ‘எவிதமோன்’ பெர்ஜே இறந்தபின் அவருக்காகப் பாடியது என்று பலர் நம்புகிறார்கள். எழுதியவரே பெர்ஜே, அப்போது உயிரோடிருந்தார். அது தானியேல் பலாவுவானுக்கு. ‘ஸ்டார்மானியா’வில் உடன் நடித்த அவர் 1986 ஜனவரி 14 அன்று பாரிஸ்–டக்கார் பந்தயத்தின்போது மாலியில் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். ‘எல்லா, எல் லா’ ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மரியாதை. ஜெர்மனியில் முதலிடம் போனது, கேட் ரயன் 2008-ல் நடனப் பாட்டாக்கி மறுபடி ஓடவிட்டார்.

#12 செம்பருத்தி

பெர்ஜேவுக்குப் பின்?

#13 நீலாம்பரி

அதைத்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாக வைத்திருந்தேன்.

1992 ஜூனில் இருவரும் சேர்ந்து பாடிய ஒரே ஆல்பம் ‘தூப்ல் ஜோ’ வந்தது. ஆகஸ்ட் 2 அன்று ரமத்துவேல் ஊரில் மாரடைப்பில் பெர்ஜே இறந்தார், 44 வயது. அடுத்த ஏப்ரலில் இவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை முடித்து அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸின் பெர்சி அரங்கில் ஏறினார், இருவரும் சேர்ந்து நடத்தவிருந்த நிகழ்ச்சியைத் தனியாக. 1996-ல் இசைக்கலைஞர் புரூக் தாவித்தோடு ‘ஃபிரான்ஸ்’ ஆல்பம்: பெர்ஜேயின் பாட்டுகளைத் தன் விருப்பப்படி பிரித்துக் கட்டினார். தாளம் முன்னுக்கு வந்தது, பியானோ பின்னுக்குப் போனது. எல்லோருக்கும் பிடிக்கவில்லை. எழுதித் தர ஆள் இல்லாதபோது அவர் என்ன செய்வார் என்பதற்கு விடை அந்தத் தட்டில் இருக்கிறது.

மூத்த பிள்ளையான மகள் போலின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் 1997 டிசம்பரில் இறந்தார், 19 வயது. அத்தோடு பாடுவதை நிறுத்திக்கொண்டார். 2000-ல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடகர் ஜானி ஆலிடேயுடன் ஒரு பாட்டு. 2015-ல் பெர்ஜேயின் பாட்டுகளை வைத்து ‘ரெசிஸ்த்’ இசை நாடகத்தை உருவாக்கினார். 2018 ஜனவரி 7 அன்று நெய்லியில் மறைவு, மொம்மார்த்ர் கல்லறையில் அடக்கம்.

#14 செம்பருத்தி

1996 தட்டைக் கேட்டுவிட்டு வருகிறேன். ‘லே சுசெத்’ பற்றிய கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

#15 நீலாம்பரி

மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

#16 வினைல்வேந்தன்

கார்முகிலின் முதல் கேள்விக்கு வரிசை. ஒரே மூச்சில் வேண்டாம். முதல் நாள்: ‘லெஸ் தோம்பே லே ஃபீய்’, ‘ஜாஸ் ஆ கோகோ’, ‘அத்தான் ஊ வா-தான்’, பிறகு ‘1968’ முழுவதும். அடுத்தது 1976 ஆல்பம் முழுக்க, அதன்பின் ‘சி, மமோன் சி’ (1977). பிறகு ‘து பூர் லா முசீக்’ (1981), ‘பாபாகார்’. கடைசியாக 1996. ‘சாக்ரே ஷார்லெமாய்ன்’ முதலில் கேட்காதீர்கள், குழந்தைப் பாடகி என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுப்பது சிரமம்.

நேரடி ஒலிப்பதிவுகள் நிறைய இருக்கின்றன. ஒன்று போதும் என்றால் 1988 சுற்றுப்பயணத் தட்டு. ‘பாபாகார்’ பாட்டுகள் ஸ்டுடியோவைவிட அதில் வேகம், தாள வாத்தியங்களும் கூடுதல்.

#17 கார்முகில்

நன்றி. ‘கம்ப்யூட்டர் நம்பர் 3’ எந்தத் தொகுப்பிலும் இல்லையே?

#18 வினைல்வேந்தன்

பிரெஞ்சுத் தொகுப்புகளில் இருக்காது. ஜெர்மன் பதிவுகள் டெக்காவில் வந்தவை, தனித் தொகுப்பாகவே போடுகிறார்கள். பாடகர் பெயரோடு ஜெர்மன் தலைப்பையும் சேர்த்துத் தேடுங்கள். ‘பூப்பே’யின் ஜெர்மன், இத்தாலிய, ஜப்பானியப் பதிவுகளும் உண்டு. ஜப்பானியப் பதிவைத் தவறவிடாதீர்கள்.